ஆறு மாதத்துக்கு முந்தைய மெயில்கள்

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. அடுப்பில் எதையாவது வைத்திருந்தால் தணித்துவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் எனக்குக் கோபம் வரும். இந்த வாரம் நான் சொல்லப்போவது வெட்டுக்குத்துக் கதை இல்லை. ஒரு பெண், ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் வியர்த்திருக்கும்.

போன வாரம் எங்கே விட்டோம்? லிஃப்ட் கம்பெனிக் குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில், கொதிக்கக் கொதிக்க.

துணிக்கடை மாடியில் தைக்கிற பெண் ஒருத்தி லிஃப்டில் கால் வைத்த நேரம் பார்த்து லிஃப்ட் நழுவி இறங்கியது. கணுக்கால் நொறுங்கி அவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்த லிஃப்டைக் கவனித்துவந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, இந்த வீட்டு இளையவளின் கணவர்.

'பிரேக் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று மெயில் எழுதினேன்' என்றார் மாப்பிள்ளை. 'எழுதவே இல்லை' என்றான் கம்பெனியை நடத்துகிற தம்பி, மூத்தவளுக்குத் தம்பி, இளையவளுக்கு அண்ணன். இருவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னவள் மூத்தவள். கம்பெனியின் கம்ப்யூட்டரும் மெயிலும் அவள் பொறுப்பு. 'நான் தேடிப் பார்த்துவிட்டேன். அப்படி ஒன்றும் வரவில்லை' என்றாள்.

அக்கா சொன்னால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய மெயில் இருந்த கம்பெனி போனையும் வாங்கிக்கொண்டார்கள். இளையவள் பாதித் தட்டில் கையைக் கழுவிவிட்டுப் புருஷன் பின்னாலேயே படியிறங்கிப் போனாள்.

இனி இன்றைய கதை.

காலையில் தம்பியின் அறையில் மூன்று பேர். தம்பி, மூத்தவள், ஆடிட்டர். ஆடிட்டர் இவர்கள் அப்பா காலத்திலிருந்தே வருகிறவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, 'என் கண்ணாடி எங்கே' என்று தேடுகிற மனிதர். பேனாவுக்கு மட்டும் குறி தப்பாது.

"இந்தக் குப்பை மொத்தம் எவ்வளவு இருக்கு?" என்றான் தம்பி.

"குப்பைன்னு சொல்லாத. கம்பெனி ஆரம்பிச்சதிலேர்ந்து வந்த மெயில் அத்தனையும் ஆர்கைவ்ல, அதான் பழைய மெயில் கிடங்குல, கிடக்கு. இப்ப இடம் இல்ல. ஒண்ணு இடம் வாங்கணும், இல்ல பழசைக் கழிக்கணும்" என்றாள் மூத்தவள்.

"கழிச்சுத் தள்ளு."

"தம்பி, கழிக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு," என்று ஆடிட்டர் பேனாவை உயர்த்தினார். "எந்த மாதிரி மெயிலை எத்தனை வருஷம் வெக்கணும்னு இன்னைக்கு உக்காந்து முடிவு பண்றோம். அதுக்கப்புறம் அந்த விதிப்படி அது தானா அழியணும். இது நமக்கு வேண்டியது, இது வேண்டாததுன்னு நடுவுல யாரும் கை வெக்கக் கூடாது. வெச்சா நாளைக்கு நாலு பேர் கேள்வி கேப்பாங்க."

ஒவ்வொன்றாகப் பேசினார்கள். வரவு செலவு மெயில்களுக்கு எட்டு வருடம். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம் முடிந்த பிறகும் சில வருடம். வேலையை விட்டுப் போனவர்களின் மெயில் பெட்டிக்கு மூன்று வருடம்.

"நம்ம பழைய மேனேஜர் தினம் ஒரு ரோஜாப்பூ அனுப்பி காலை வணக்கம் சொல்வாரே, அதெல்லாம்?" என்றான் தம்பி.

"அதை இன்னைக்கே அழிச்சா உங்களுக்குப் புண்ணியம்" என்றார் ஆடிட்டர். மூவரும் சிரித்தார்கள். அந்த வாரத்தில் மூத்தவள் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும்.

"சர்வீஸ் ரிப்போர்ட்டு?" என்று கேட்டாள்.

"ஆறு மாசம் போதும். இருக்கற இடத்தையெல்லாம் முழுங்கினதே அதுதான். முன்னாடியெல்லாம் ஒரு நட்டை நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டிருந்தானுங்க. கல்யாணப் பொண்ணைக்கூட அவ்வளவு எடுக்க மாட்டாங்க" என்றான் தம்பி.

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "ஆறு மாசம் குறைச்சல். அதுவும் இப்ப ஒரு விபத்து நடந்திருக்கு. கேஸ் வரலாம்னு தோணிட்டாலே அதைத் தொட்ட மெயில் எதையும் அழிக்கக் கூடாது. விதி என்ன சொன்னாலும் சரி."

"அந்த லிஃப்டைப் பத்தி ரிப்போர்ட்டே வரலையே சார். இல்லாததை எப்படி அழிக்கறது? அக்காவே தேடிப் பாத்துட்டா."

ஆடிட்டர் மூத்தவளைப் பார்த்தார். "ஆமா சார்" என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

"அப்ப சரி. நீங்க தேடினா நான் மறுபடி தேட வேண்டியதில்ல" என்று ஆடிட்டர் எழுதிக்கொண்டார்.

மூத்தவள் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சின்ன அறை. ஒரு பக்கம் சர்வர் பெட்டி தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும். முடிவான காலக் கணக்கையெல்லாம் விதிகளாகப் பதிந்தாள். கடைசியாக, சர்வீஸ் ரிப்போர்ட், ஆறு மாதம்.

விதியை ஓடவிடும் முன் ஓர் ஒத்திகை உண்டு. எந்தெந்த மெயில் போகப்போகிறது என்று முதலில் காட்டும். நாம் சரி என்ற பிறகுதான் அழிக்கும். நிறைய பேர் அந்தத் திரையைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் போக மாட்டாள். துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிற கை அவளுடையது.

தடவினாள். தம்பியின் ஆர்கைவில் 'சர்வீஸ்' என்று ஒரு ஃபோல்டர். திறந்தாள். மேலிருந்து கீழ் வரை எல்லாமே தடித்த எழுத்தில் நின்றன. ஒன்றுகூடப் படிக்கப்படவில்லை.

என்னடா இது என்று நகர்த்திக்கொண்டே வந்தவளின் விரல் நின்றுவிட்டது.

துணிக்கடை லிஃப்ட். பிரேக். அனுப்பியவர், மாப்பிள்ளை.

ஒன்று இல்லை, மூன்று. கடைசி மெயிலுக்கு வயது ஏழு மாதம்.

இதை அவள் எப்படி விட்டாள் என்று கேட்பீர்கள். அந்தக் கம்பெனியில் ஒரு மெயில் ஒரு வருடம் இன்பாக்ஸில் இருந்த பிறகுதான் ஆர்கைவுக்குப் போகும். ஏழு மாத மெயிலை ஆர்கைவில் போய் யார் தேடுவார்கள்? தம்பியின் இன்பாக்ஸில் தேடினாள், இல்லை என்றது, எழுந்துவிட்டாள். சட்டைப் பையைத் தடவுகிறவள், தம்பி பெட்டிதானே, தனக்குத் தெரியாத மூலை அதில் ஏது என்று இருந்துவிட்டாள்.

பிறகு எப்படி அங்கே போயின? விதிகளின் பக்கத்தைத் திறந்தாள். 'சர்வீஸ் ரிப்போர்ட் வந்தால் இன்பாக்ஸில் காட்டாதே, நேராக ஆர்கைவுக்கு அனுப்பு.' இந்த விதியைப் போட்டவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தம்பியின் குழந்தைக்கு மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் வைத்திருந்த நாட்கள். குழந்தை கண்ணயரும்போதெல்லாம் தம்பியின் போன் டிங் டிங் என்று அடிக்கும். 'அக்கா, இந்தச் சனியனை நிறுத்து' என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். அவள் நிறுத்தினாள். குழந்தை வீட்டுக்கு வந்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். குழந்தை வந்தது, தவழ்ந்தது, இப்போது நாற்காலி மேல் ஏறிக் குதிக்கிறது. விதி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

தம்பி என்ன நினைத்தான்? 'இந்த மெக்கானிக்குகள் சோம்பேறிகள், ரிப்போர்ட் அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள், அவசரம் என்றால் போனில் கூப்பிடட்டும்' என்று. மெக்கானிக்குகள் என்ன நினைத்தார்கள்? 'முதலாளி படித்துவிட்டுத்தான் பேசாமல் இருக்கிறார்' என்று.

மூன்றாவது மெயிலைத் திறந்தாள்.

'மச்சான், மூன்றாம் தடவை எழுதுகிறேன். லிஃப்டின் வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறேன். அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரியாது. போனில் கேட்டிருப்பேன். மாப்பிள்ளை உரிமையில் பார்ட்ஸ் கேட்காதீர்கள், எல்லாரையும் போல எழுதிக் கேளுங்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்கள். அதனால் எல்லாரையும் போல எழுதிக் கேட்கிறேன்.'

அவர் லிஃப்டையே நிறுத்தியிருக்கலாம்தான். நிறுத்தியிருந்தால், 'என்னைக் கேட்காமல் கடைக்காரனிடம் என் மானத்தை வாங்கினாய்' என்று தம்பி குதித்திருப்பான். மாப்பிள்ளை என்ற ஒரே காரணத்துக்காக மனிதர் வாயை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார்.

திரையில் 'சரி' என்ற பொத்தான் காத்திருந்தது. அதை அழுத்தினால் போதும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவை எல்லாம் போய்விடும், இந்த மூன்றும் சேர்த்து. யாரும் அழித்ததாக ஆகாது. விதி அழித்ததாக ஆகும். ஆடிட்டர் முன்னிலையில் பேசி முடித்த விதி.

அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி போனில் கூப்பிட்டார். "அம்மா, உங்க தங்கச்சி வந்திருக்காங்க. உள்ள வர மாட்டேங்கறாங்க."

இளையவள் வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றிருந்தாள். தலைகூடச் சரியாக வாரியிருக்கவில்லை.

"உள்ள வாயேன்டி."

"வேணாம். அவரோட பையை மட்டும் குடு. அதுல இருக்கற ஸ்பேனரெல்லாம் அவர் சொந்தமா வாங்கினது. சந்தேகம் இருந்தா நல்லா தேடிப் பாத்துட்டுக் குடு. நீதான் நல்லா தேடுவியே."

மூத்தவள் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். காவலாளி எடுத்துவந்த பையைக் கையில் பிடித்தபடி, "சாப்பிட்டியா?" என்றாள், வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்.

"அதை மட்டும் நீ கேக்காத." சொல்லிவிட்டு இளையவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவளே, குரல் இறங்கி, "அக்கா, மொதல்ல அவர் உங்க ரெண்டு பேர் மேலயும் கோபப்பட்டாரு. அதைத் தாங்கிக்கிட்டேன். இப்ப கோபமும் போச்சு. 'எழுதணும்னு நெனச்சு எழுதாம விட்டுட்டேனோ'ங்கறாரு. 'உங்க அக்காவே இல்லன்னு சொன்னா இருக்காது'ங்கறாரு. மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு" என்றாள்.

மூத்தவள் அவள் தோளைத் தொடப் போனாள். இளையவள் விலகிக்கொண்டாள்.

"அது கூட இல்லக்கா. இன்னைக்குக் காலையில அவர் முகத்தைப் பாத்து எனக்கே ஒரு நிமிஷம் தோணிடுச்சு, இந்த ஆளு பொய் சொல்றாரோன்னு. என் புருஷனை நானே அப்படி நெனச்சுட்டேன்."

"இல்லடி. அவர்..."

"என்ன இங்க மாநாடு?" என்று படியில் தம்பியின் குரல் கேட்டது.

இளையவள் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு நடந்துவிட்டாள். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. மூத்தவளின் பாதி வார்த்தை அவள் வாயிலேயே நின்றது.

அறைக்குத் திரும்பி வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயம் வேலையைப் பற்றி இல்லை கண்ணுகளா. அந்த வீட்டில் சின்ன வயசிலிருந்து அவளுக்கு இருந்த சொத்து ஒன்றே ஒன்று: அக்கா சொன்னால் சரியாக இருக்கும். யார் உடைத்தது, யார் ஆரம்பித்தது, எல்லாவற்றுக்கும் அவள் வாயைத்தான் பார்ப்பார்கள். அந்த வாயால்தான் ஒரு மனிதரைத் தன்னையே நம்பாதவராக ஆக்கியிருக்கிறாள். சர்வர் பெட்டி அது பாட்டுக்கு ரீங்கரித்தது.

ஒத்திகைத் திரையை மூடினாள். சர்வீஸ் ரிப்போர்ட் என்ற இடத்தில் ஆறு மாதத்தை அழித்து ஏழு வருடம் என்று போட்டாள். துணிக்கடை லிஃப்டின் மெயில்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு முடிவே போடாமல் வைத்தாள். பிறகு இன்னொரு படி உண்டு, அதிலும் கை வைத்தாள். அதற்குப் பூட்டு என்று பெயர். திரை எச்சரித்தது: 'பூட்டிய பிறகு காலத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாது. விதியை நிறுத்தவும் முடியாது. பூட்டியவராலும் முடியாது.'

பூட்டாமல் விட்டால் தம்பியின் முகத்தைப் பார்த்ததும் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். தன்னைப் பற்றி அவ்வளவு தெரிந்தவள்.

பூட்டினாள்.

சாயங்காலம் தம்பி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "என்னக்கா, போட்டாச்சா? இடம் வாங்கறீங்களா இல்லையான்னு மெயில் ஏஜென்சிக்காரன் பிச்சு எடுக்கறான்."

"உக்காரு."

"நின்னுக்கிட்டே சொல்லேன்."

"உக்காருடா."

உட்கார்ந்தான். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். படித்தான். இரண்டாம் முறை படித்தான். 'மாப்பிள்ளை உரிமையில்' என்ற இடத்தில் அவன் கண் நின்றதை அவள் பார்த்தாள். பிறகு விதியின் பக்கத்தைக் காட்டினாள். அவள் பெயர்.

"பாப்பா ஆஸ்பத்திரில இருந்தப்போ போட்டதா?"

"ஆமா."

"நான்தானே நிறுத்தச் சொன்னேன்."

"நீ நிறுத்தத்தான் சொன்ன. மறுபடி திறந்துவிட வேண்டியது நான்."

தம்பி முகத்தை இரு கையாலும் தேய்த்துக்கொண்டான். எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான். அவன் குரல் குழைந்துவிட்டது. "சரி. இது உன்னோட என்னோட போகட்டும். நீ ஆறு மாசம் போடு. மாப்பிள்ளையை நாளைக்கே வேலைக்குக் கூப்பிட்டுக்கறேன். சம்பளமும் கூட்டிக் குடுக்கறேன். காரணம் எதுவும் சொல்ல வேணாம். உன் பேர் எதுக்குக்கா சந்திக்கு வரணும்?"

கெட்டவன் சொன்னால் எதிர்த்துப் பேசிவிடலாம். பாசத்தோடு சொல்கிறவனை என்ன செய்வது?

"காரணம் சொல்லாம கூப்பிட்டா அவர் பொய் சொன்னவராவேதான்டா உள்ள வருவார்" என்றாள். "நீ பெரிய மனசு பண்ணி மன்னிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லும்."

"அதுக்காக? இதே மெயிலை வெச்சு அந்தப் பொண்ணு வீட்டுல கேஸ் போட்டா? மூணு தடவை எழுதியும் கம்பெனி கண்டுக்கலைன்னு இதுவே சொல்லுமே. இங்க வேலை செய்யற அத்தனை குடும்பத்தையும் நெனச்சியா?"

"நெனச்சேன். நடந்தது அதுதானே? எழுதினார், நாம கண்டுக்கல."

"அக்கா, சொன்னாக் கேளு. ஆறு மாசம் போடு."

"பூட்டிட்டேன்."

"என்ன பூட்டு?"

"இனிமே யாராலயும் குறைக்க முடியாது. என்னாலயும்."

தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணிச்சு. கேட்டிருந்தா வேணாம்னிருப்ப. நானும் சரின்னிருப்பேன். அதான் கேக்கல."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவள் போனை எடுத்தாள். மாப்பிள்ளையின் சொந்த எண். நீண்ட நேரம் அடித்து, எடுத்தார். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருளும் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம்.

"எங்க இருக்கீங்க மாப்பிள்ளை?"

"ஆஸ்பத்திரிலக்கா. அந்தப் பொண்ணைப் பாக்க வந்தேன்." குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதிதான் அவளைக் கலக்கியது. "மனசு தாங்கல. எழுதாம விட்டது என் தப்புதான்னு அவங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். அவர் போன்ல பதிவு பண்ணிக்கிட்டாரு. பண்ணிக்கட்டும். இப்பதான் கொஞ்சம் மூச்சு விட முடியுது. நீங்க எதுக்குக்கா கூப்பிட்டீங்க?"

மூத்தவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க எழுதினீங்க மாப்பிள்ளை. மூணு மெயிலும் இருக்கு, என் கண்ணு முன்னாடி இருக்கு. உங்க மச்சான் கண்ணுல படாத இடத்துக்கு அதை அனுப்பினது நான். தேட வேண்டிய இடத்துல தேடாம இல்லன்னு சொன்னதும் நான்."

சக்கரம் உருளும் சத்தம் தூரமாகப் போய் ஓய்ந்தது. மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாரா, கோபமா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"மாப்பிள்ளை?"

"நான் எழுதினேனா?" என்றார். குழந்தை கேட்பது போல இருந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவங்க அண்ணன் இங்கதான்க்கா நிக்கறாரு. நான் இப்ப மாத்திச் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்களே அவர்கிட்டச் சொல்றீங்களா?" என்றார்.

ஜன்னல் ஓரத்திலிருந்து தம்பி பாய்ந்து வந்தான். "வெச்சுடுக்கா. கை கூப்பிக் கேக்கறேன். நாளைக்கு வக்கீலை வெச்சுப் பேசிக்கலாம், இப்ப வெச்சுடு."

மூத்தவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். தூக்கி வளர்த்த முகம்.

"குடுங்க மாப்பிள்ளை," என்றாள் போனில். "அவர்கிட்டக் குடுங்க."

போன் கைமாறும் சரசரப்பு. பிறகு முன்பின் தெரியாத ஓர் ஆணின் குரல், கடுகடுவென்று: "யாரு பேசறது?"

இன்றைக்கு இங்கே நிறுத்திக்கொள்கிறேன் கண்ணுகளா. சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு படபடக்கிறது. நீங்களும் போய் உங்கள் வேலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர்கள் வாசல் வரையாவது திரும்பி வரட்டும். பிள்ளைகள் காய்ச்சல் இல்லாமல் தூங்கட்டும். உங்கள் சொல்லை நம்புகிறவர்கள் நிறைய இருக்கட்டும், அந்தச் சொல் தவறிய நாளிலும் உங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஒருவராவது இருக்கட்டும். நன்றாக இருங்கள்.